பாப்பாவுக்கு, புதினாத் தொட்டி விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். பெருமாள்புரத்து மாமி மகன் ஜெர்மனிக்குத் திரும்புகிறான். பருப்புப்பொடியோடு இதையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நீ அனுப்பிய புதினாப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடி இலையெல்லாம் மஞ்சள். தண்டு மெலிந்து, கணுவுக்குக் கணு இடைவெளி விழுந்து, கண்ணாடிப் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. வெயில் போதவில்லை. புதினாவுக்கு நாலைந்து மணி நேர வெயிலாவது வேண்டும். உங்கள் ஊரில் டிசம்பரில் பகலே எட்டு மணி நேரம்தான் என்பாய். அப்படியானால் தெற்கு பார்த்த ஜன்னலில்தான் வைக்க வேண்டும். இந்த ஜன்னல் எந்தத் திசை பார்த்தது? உங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே பெரிய மரம் ஒன்று நிற்கும். இந்தப் படத்தில் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிகிறது.

சரி, செடியைப் பார்ப்போம். மண்ணுக்கு மேலே இரண்டு விரற்கடை விட்டு மொத்தத்தையும் வெட்டிவிடு. மனசு வராது, ஆனாலும் வெட்டு. வெட்டியதில் நல்ல பச்சை நுனியாக நாலைந்து எடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் போட்டு வை. இலை தண்ணீரில் முங்கினால் அழுகிவிடும். இரண்டு நாளைக்கு ஒருதரம் தண்ணீர் மாற்று. பத்துப் பதினைந்து நாளில் கணுவிலிருந்து வெள்ளை வேர் இறங்கும். அத்தை வீட்டு முற்றம் முழுக்கப் படர்ந்து கிடந்ததே, அதுவும் மார்க்கெட் கட்டில் ஆய்ந்து போட்ட காம்பில் வந்ததுதான்.

தண்ணீர் அதிகம் ஊற்றாதே. விரலை மண்ணில் விட்டுப் பார், மேல் மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே, அந்த வறண்ட சூட்டில் சிலந்திப்பேன் வரும். இலைக்கு அடியில் பொடிப்பொடியாகப் புள்ளியும் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால், குழாயடியில் சாய்த்துப் பிடித்து அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவு. பூச்சி மருந்து வேண்டாம், பச்சையாகச் சட்னி அரைக்கிற இலை. நீ சட்னி அரைக்கிறாயா? ஒரு ஆளுக்கு என்ன சமைக்க என்று ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

தொட்டியும் சின்னதாக இருக்கிறது. புதினா வேர் ஆழமாகப் போகாது, பக்கவாட்டில்தான் ஓடும். அதற்கு அகலம் வேண்டும். போன வருஷம் மாப்பிள்ளை வாங்கி வந்த நீளத் தொட்டி இருந்ததே. அது எங்கே என்று நான் கேட்கவில்லை. புதிதாக ஒன்று வாங்கிக்கொள், காசு அனுப்புகிறேன்.

பக்கத்து வீட்டம்மாவிடம் உன் ப்ரமோஷனைச் சொன்னேன். இந்தத் தெருவில் பிறந்து அந்த ஊரில் போய் அவர்கள் பாஷையிலேயே மீட்டிங் நடத்துகிற பிள்ளை யார் இருக்கிறாள்? மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். ஆபீஸ் வேலையாக வெளியூரில் இருக்கிறார் என்றேன். நீ தீபாவளியிலிருந்து என்னிடம் சொல்வதைத்தான் சொன்னேன். செடியைப் படம் பிடித்து அனுப்ப நேரமிருக்கிறது, பெற்றவளிடம் பத்து நிமிஷம் பேச நேரமில்லையா?

கோபமில்லை பாப்பா. பெரியக்கா விஷயத்தில் அப்பா பேசிய பேச்சு உன் மனசில் இருக்கும், எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் அந்த மாதிரி யாரையும் பேசியதில்லை. இந்தப் படத்தை நான் அவரிடம் காட்டவில்லை. நீ சொல்லச் சொன்னால் சொல்வேன், இல்லையென்றால் இல்லை.

பால்கனி இருந்தால் பழைய தொட்டியை வெளியே வைத்துவிடு. பனியில் மேலே கருகிப் போகும், வேர் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் தளிர் வரும். செத்துவிட்டதென்று மண்ணைக் கொட்டிவிடாதே. தண்ணீர், திரும்பவும் சொல்கிறேன், கொஞ்சமாக.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு அப்பா இரண்டு மணிக்குப் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பார். இங்கே இரண்டு மணி என்றால் உனக்குக் காலை ஒன்பதரை. அந்த நேரத்தில் கூப்பிடு. போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா