ட்ரோன் அனுமதி தர்ற அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்: பதிலை நேரத்துக்கு சொல்லுங்க

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

ஏரில பரவுற பாசிய மேலருந்து படம் எடுக்க ட்ரோன் பறக்கவிட அனுமதி கேட்டோம்ல, அந்த விண்ணப்பம் என்னாச்சுன்னு உங்களுக்கே தெரியும், அதனால பழைய கதைய முதல்லருந்து சொல்லப்போறதில்ல. போன வாரம் உங்க ஆபீஸ்லருந்து வந்த பதில்ல ஒரு வரி இருந்துச்சு, சாட்டிலைட் படம் இலவசமா கிடைக்கும்போது ட்ரோன் எதுக்குன்னு. அத படிச்ச பிறகு எழுதாம இருக்க முடியல.

சாட்டிலைட்ட நான் குறை சொல்லமாட்டேன், என் வேலைல பாதி அத வச்சுதான் ஓடுது. ஆனா ஏரித்தண்ணி பச்சையா மாறிடுச்சுன்னா அது சாதாரண பாசியா இல்ல விஷம் கக்கக்கூடிய நீலப்பச்சைப்பாசியான்னு பாக்கணும்ல. நீலப்பச்சைப்பாசில பைகோசயனின்னு ஒரு நிறமி இருக்கு, அது 620 நானோமீட்டர் பக்கத்துல வர்ற ஒளிய உறிஞ்சிக்கும், அந்த அடையாளத்த வச்சுதான் கண்டுபிடிக்கிறோம். சென்டினல்-2ங்கிற சாட்டிலைட்ல ஒரு பிக்சல் தரைல 10 மீட்டர், நல்ல துல்லியம்தான், ஆனா அந்த 620 ஒளிய தனியா பிரிச்சு பதிவு பண்ற பட்டையே அதுல கிடையாது. சென்டினல்-3ல அந்த பட்டை இருக்கு, ஆனா ஒரு பிக்சல் 300 மீட்டர், நாங்க பாக்குற ஏரிக்கிளையோட அகலம் அதுல பாதிகூட வராது, கரை மரம் தண்ணி எல்லாம் ஒரே கட்டத்துக்குள்ள கலந்துரும். மேகம் மூடிட்டா இது ரெண்டாலயும் ஒண்ணும் பாக்க முடியாது. ரேடார் சாட்டிலைட் மேகத்த தாண்டி பாக்கும், ஆனா தண்ணியோட நிறம் அதுக்கு தெரியாது. அந்த இடத்துக்குத்தான் ட்ரோன் கேக்குறோம்.

தண்ணி நிறம் மாறுன அன்னைக்கே உங்களுக்கு எழுதினேன். "பரிசீலனையில் உள்ளது"ன்னு பதில் வந்துச்சு. இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு தினமும் ராத்திரி ஆறு பேட்டரியையும் புல் சார்ஜ் ஏத்தி வைப்போம், விடியறதுக்கு முன்னாடி கரைக்கு போய் படத்த சரியான இடத்தோட பொருத்துறதுக்காக கருப்பு வெள்ளை கட்டம் போட்ட பலகைங்கள அளந்து வச்ச இடத்துல விரிப்போம், என் மாணவி அந்த சாம்பல் நிற அளவுத்தட்ட கைரேகை படாம ஓரத்த புடிச்சு பெட்டிலருந்து எடுத்து வைப்பா, ஏன்னா பறக்குறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அத படம் எடுத்தாதான் அன்னைக்கு இருந்த வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி கணக்க சரிபண்ண முடியும். ஒன்பது மணி வரைக்கும் போனையே பாத்துட்டு இருப்போம். பதில் வராது. எல்லாத்தையும் சுருட்டிட்டு வந்து பேட்டரி சார்ஜ பாதிக்கு இறக்குவோம், புல் சார்ஜ்லயே விட்டா சீக்கிரம் உப்பிரும். ராத்திரி திரும்ப ஏத்துவோம். இப்படியே 11 நாள்.

12வது நாள் காலைல மீனெல்லாம் தண்ணிக்கு மேல வந்து வாய திறந்து திறந்து மூடிட்டு இருந்துச்சு. பாசி செத்து அழுகும்போது தண்ணில இருக்குற ஆக்சிஜன் தீர்ந்துபோகும், ராத்திரில ஒளிச்சேர்க்கையும் இல்லாததால விடியக்காலைலதான் ரொம்ப மோசமா இருக்கும். சாயங்காலத்துக்குள்ள கரையெல்லாம் செத்த மீன். ட்ரோன் பெட்டி பக்கத்துலயே மூடி கிடந்துச்சு. என் மாணவி அன்னைக்கு முழுக்க ஒரு வார்த்தை பேசல.

உங்க அனுமதி மூணு வாரம் கழிச்சு வந்துச்சு. ஒரே ஒரு நாளுக்கு, மதியம் 12லருந்து 2 வரைக்கும். உச்சி வெயில்ல நேர் கீழ பாக்குற கேமராவுக்கு தண்ணி கண்ணாடி மாதிரி மின்னும், நிறம் ஒண்ணும் படத்துல வராது, இத விண்ணப்பத்துலயே தெளிவா எழுதியிருந்தேன். யாராவது அத படிச்சீங்களா?

ட்ரோன்னா உங்களுக்கு இருக்குற கவலை நியாயம்தான். ஹெலிகாப்டர் வர்ற வழில போயிடக்கூடாது, யார் வீட்டுக்குள்ளயும் எட்டிப்பாக்கக்கூடாது, இதுல எனக்கு மாற்றுக்கருத்தே இல்ல. உயரத்துக்கு எல்லை வைங்க, தண்ணிக்கு மேல மட்டும்தான்னு வேலி போடுங்க, பறந்த பதிவு மொத்தத்தையும் கேளுங்க, தர்றோம். வேண்டாம்னா வேண்டாம்னு கூட சொல்லுங்க, படகுல போய் தண்ணிய மொண்டுட்டு வந்து பாப்போம். ஆனா சொல்றத நேரத்துக்கு சொல்லுங்க.

மீன் செத்த பிறகு இன்னொரு குழு எங்களுக்கு கடிதம் எழுதி, சாகுறதுக்கு முந்தின வாரத்து பாசி வரைபடம் இருக்கான்னு கேக்குது. அந்த வாரம் தினமும் நாங்க கரைலதான் நின்னோம்! எங்க பாத்தாலும் இதே கதைதான், தீ பரவின பிறகு காட்டோட வரைபடம் கேப்பாங்க, கரை உடைஞ்ச பிறகு கரையோட உயரம் கேப்பாங்க, நடக்குறதுக்கு முன்னாடி அளக்க வர்றவன வாசல்லயே நிக்க வைப்பாங்க. ஒரு ஆபீஸ் எடுக்குற முடிவு எவ்வளவு தூரம் போகும்னு பாக்கணும்னா அமெரிக்க அரசோட லேண்ட்சாட் சாட்டிலைட்ட பாருங்க, 1972லருந்து சேத்த படங்கள 2008ல எல்லாருக்கும் இலவசமா தரலாம்னு முடிவு பண்ணாங்க, 2013லயே உலகம் முழுக்க காடு எங்க அழிஞ்சுது எங்க வளந்துதுன்னு 30 மீட்டர் அளவுல வரைபடம் வந்துருச்சு. அந்த படமெல்லாம் அதுக்கு முன்னாடியும் இருந்துச்சு, காசு கட்டுனாதான் கிடைச்சுது.

கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்குங்க. நான் கேக்குறது இதுதான். சுற்றுச்சூழல் கண்காணிப்புக்குன்னு வர்ற ட்ரோன் விண்ணப்பத்துக்கு 3 நாளைக்குள்ள ஆமான்னோ இல்லைன்னோ பதில் சொல்லுங்க. ஆமான்னா ஒரு தேதிய குறிச்சு தராம சீசன் முழுக்க செல்ற மாதிரி கொடுங்க, பறக்குற அன்னைக்கு காலைல நாங்க தகவல் சொல்லிடுறோம், நேரத்த மட்டும் வெயில் சாஞ்சிருக்கும்போது வைங்க. அடுத்த சீசனுக்கான விண்ணப்பம் இப்பவே உங்ககிட்டதான் இருக்கு. தயவுசெஞ்சு அத எடுத்து படிச்சு, தண்ணி நிறம் மாறுறதுக்கு முன்னாடி பதில் அனுப்புங்க.

நன்றியுடன்,
ஏரிக்கரைல காத்திருந்த ஒரு ஆராய்ச்சியாளர்