வன்னிப் பள்ளிக்கூடங்களின்ர அதிபர்மார், ஏஎல் எடுக்கிற சேர்மார், மிஸ்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். நான் புதுக்குடியிருப்புப் பக்கம். ஏஎல் மற்ஸ் படிச்சு, இடையில படிப்பில மனம் விட்டுப்போய், இப்ப பிரிட்ஜ், ஏசி, மீன்வாடியளின்ர ஐஸ் ரூம் எல்லாம் திருத்துறன். உங்களில ஆரையும் குறை சொல்ல இதை எழுதேல்ல, ஏஎல் பிள்ளையளுக்குத் தொழிற்படிப்பையும் ஒருக்கா காட்டுங்கோ எண்டு கேக்கத்தான் எழுதுறன்.

ஒரு பிள்ளை எனக்கு இந்தப் படிப்பு ஏலாது சேர் எண்டு வந்து நிண்டா வழக்கமா ரெண்டு மறுமொழிதான் வரும். முக்கிப் படி தம்பி, எங்கட மாவட்டத்துக்கு கம்பஸ் போற வெட்டுப்புள்ளி குறைவுதானே, இல்லாட்டி ஆர்ட்ஸுக்கு மாறு. வெட்டுப்புள்ளிக் கதை உண்மைதான், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலும் பின்தங்கின மாவட்டப் பட்டியலில இருக்கு, அதுக்கெண்டு கம்பஸில 5 வீத இடம் தனிய ஒதுக்கினம், அதால வந்த எஞ்சினியர்மார், டொக்டர்மார் எங்களுக்குள்ளயே இருக்கினம். ஆனா இணைந்த கணிதப் புத்தகத்தைத் திறக்கவே மனம் வராத பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி ஏறினா என்ன, இறங்கினா என்ன?

மூண்டாவது வழியை எனக்குச் சொன்னது வாடிக்கு கொம்பிரஷர் மாத்த வந்த ஒரு அண்ணாதான். என்விகியூ எண்டு ஒண்டு இருக்கு, தேசிய தொழில் தகைமை, லெவல் 1இல இருந்து 4 வரைக்கும் சேர்டிபிகேட், 5உம் 6உம் டிப்ளோமா, 7 எண்டா டிகிரி, இரத்மலானையில அதுக்கெண்டே 2008இல வந்த ஒரு யூனிவேர்சிட்டி வேற இருக்கு எண்டு அந்தாள் காஸ் அடிச்சபடி சொல்லி முடிச்சிட்டார். கராஜில வருசக்கணக்கா கிடந்து பழகின ஆக்களுக்கும், வகுப்புக்குப் போகாமலே கைவேலையைச் சோதிச்சு அந்த சேர்டிபிகேட் குடுக்கிற முறை இருக்காம். இதெல்லாம் பள்ளிக்கூட நோட்டீஸ் போர்ட்டில ஏன் இல்லை?

இருந்தாலும், சொல்லுற விதம் ஒண்டு இருக்கு பாருங்கோ. "படிப்பு ஏறாட்டி ரெக்கிக்குப் (தொழில்நுட்பக் கல்லூரிக்கு) போ" எண்டு எல்லாருக்கும் முன்னால ஏசிப்போட்டு அனுப்பினா எந்தப் பிள்ளை போகும், போனாலும் அம்மா அப்பா சொந்தக்காரருக்கு என்னத்தைச் சொல்லுவினம்? ஆவியாதலின்ர மறைவெப்பத்தைப் பாடமாக்கி ஒப்புவிச்சு ஒண்டும் விளங்காத எனக்கு, கூலிங் காணாத ஒரு பிரிட்ஜில காஸ் லீக்கா, இல்லாட்டி கப்பிலரி எண்ட மெல்லிய குழாய் அடைச்சிருக்கா எண்டு தேடேக்கதான் அது மண்டையில ஏறினது, ஆனபடியா ஏஎல் படிச்ச காலம் வீண் எண்டு நான் சொல்லமாட்டன். விட்டுட்டு வாறது கேவலம் எண்ட கதைதான் வேண்டாம்.

இப்ப கேக்க வந்தது. ஏஎல் பிள்ளையளை கிளிநொச்சி அறிவியல்நகரில யாழ்ப்பாணக் கம்பஸின்ர எஞ்சினியரிங் பகல்ற்றி பாக்கக் கூட்டிக்கொண்டு போறனீங்கள்தானே, நல்ல விசயம். அதே அறிவியல்நகரிலதான் ஜேர்மன் ரெக் எண்டு சொல்லுற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையமும் இருக்கு, வாகனம், எலெக்றிக்கல், உணவுத் தொழில்நுட்பம், கட்டுமானம் எண்டு படிப்பிக்கினம். பஸ்ஸை அங்கயும் ஒருக்கா நிப்பாட்டுங்கோ. மார்க்ஸ் குறைஞ்ச பிள்ளையளை மட்டும் பிரிச்சுக் கொண்டு போகாமல் முழு வகுப்பையும், ஏலுமெண்டா தாய் தகப்பனையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போங்கோ, முன்கூட்டியே கடிதம் குடுத்து வேலைநாளாப் பாத்துப் போங்கோ, சனி ஞாயிறில போனா கட்டடத்தைப் பாத்திட்டு வரவேண்டியதுதான், மெஷின் ஒண்டும் ஓடாது.