பிராக் போய் வந்தோம்

அன்புள்ள மீனாவுக்கு,

போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே அப்பா வாங்கிக்கொள்வார். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் உனக்கும் லீவு கிடைக்காதது எனக்குக் குறைதான்.

நீ எழுதிக் கொடுத்த பட்டியலில் முதலில் இருந்தது 1410-ஆம் வருஷத்துக் கடிகாரம். மணி அடிக்கும் நேரம் எலும்புக்கூடு கயிற்றை இழுக்கிறது, இரண்டு ஜன்னலில் இயேசுவின் சீடர்கள் வரிசையாக வந்து போகிறார்கள், கடைசியில் சேவல் கூவுகிறது. அவ்வளவுதான். முன்னால் நின்றவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்ததில் பாதிச் சீடர்களை அவர்கள் திரையில்தான் பார்த்தேன்.

சார்லஸ் பாலத்துக்கு விடிந்ததும் போய்விட்டோம், கூட்டம் இல்லை. 1357-இல் நான்காம் சார்லஸ் அடிக்கல் நாட்டியது. சாந்தில் முட்டை கலந்ததாக ஒரு கதை சொல்கிறார்கள். ஊர் ஊராக முட்டை கேட்டாராம் ராஜா. வெல்வரி என்ற ஊர்க்காரர்கள் வழியில் உடையக் கூடாதென்று அவித்து அனுப்பினார்களாம்! நான் சிரித்தேன், அப்பா சிரிக்கவில்லை. "நம்ம காரைக்குடி வீட்டுச் சுவருக்கும் சுண்ணாம்போடு வெள்ளைக்கரு சேர்த்துத்தானே இழைத்தார்கள்" என்று கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார்.

கோட்டைக்குள் இருக்கும் பெரிய தேவாலயம் 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடிந்ததாம். கல் பாவிய ஏற்றத்தில் என் முழங்கால் பட்ட பாடு தனி.

உன் பட்டியலில் இல்லாத இடம் ஒன்று. பழைய யூதர் குடியிருப்பில் பிங்கஸ் என்ற தொழுகைக்கூடம். உள்ளே படமோ சிலையோ கிடையாது. சுவர் முழுக்கப் பெயர்கள். நாஜிகள் கொன்ற செக் நாட்டு யூதர்கள், ஏறக்குறைய 80,000 பேர். ஊர்வாரியாக, குடும்பப் பெயர் சிவப்பில், பக்கத்தில் ஒவ்வொருவர் பிறந்த தேதியும். பொடி எழுத்து, கண்ணாடி போட்டும் கிட்டப் போய்த்தான் படிக்க முடிந்தது. ஒரு குடும்பத்தைப் படித்து முடித்தால் அடுத்தது அதே வரியிலேயே தொடங்கிவிடுகிறது.

மாடியில் தெரேசின் என்ற நாஜி முகாமில் அடைபட்டிருந்த யூதக் குழந்தைகள் வரைந்த படங்கள். ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் அங்கே அவர்களுக்கு வரையக் கற்றுக் கொடுத்திருக்கிறார். படத்தில் பெயரை எழுதச் சொல்வாராம். 1944-இல் அவரையும் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். அதற்கு முன்பே சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைத்துவிட்டார். நானும் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு காலம் தள்ளியவள்தானே, அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்ததும் அங்கிருந்து நகர முடியவில்லை. அப்பா இரண்டு தடவை கீழே போய்விட்டு வந்து கூப்பிட்டார்.

நீங்கள் இரண்டு பேரும் அவசியம் போங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், பூட்டியிருப்பார்கள். அப்புறம், டிராமில் ஏறினால் டிக்கெட்டை அந்தச் சின்ன இயந்திரத்தில் விட்டு முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், மாப்பிள்ளையிடம் சொல்லிவை.

அன்புடன்,
அம்மா