சொந்த நிட்டிங்கா, ஜாப் ஒர்க்கா?

திருப்பூர்,
ஞாயிறு இரவு

மாப்ள,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே சின்னவள் பத்தாவது பரீட்சை எழுதி முடித்துவிட்டாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். திருப்பூருக்கு நூல் அனுப்பி ஜாப் ஒர்க்கில், அதாவது பிறர் மெஷினில் கூலி கொடுத்து, துணி ஓட்டுவதை விட்டுவிட்டு, மதுரையிலேயே சொந்தமாகத் துணி பின்னும் நிட்டிங் மெஷின் இறக்கிவிடலாமா என்கிறாய். வேண்டாம்டா. நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன் நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். வெளியே கூலி கிலோவுக்கு 12 ரூபாய், சொந்தமாக ஓட்டினால் 7. கிலோவுக்கு 5 ரூபாய் மிச்சம். மெஷின் 15 லட்சம், வட்டி 11 சதவீதம், வருஷத்துக்கு 1,65,000. நாளுக்கு 250 கிலோ, மாதம் 26 நாள் என்று வருஷம் முழுக்க ஓடினால் 3,90,000 மிச்சமாக வேண்டும். நான் வாங்கியது சிங்கிள் ஜெர்சி மெஷின், ஒரே வரிசை ஊசியில் துணி பின்னுவது. அடுத்த சீசனில் வந்த ஆர்டரெல்லாம் இன்டர்லாக்கும் ரிப்பும், இரண்டு வரிசை ஊசி வேண்டிய துணிகள். என் மெஷினில் இரண்டையுமே ஓட்ட முடியாது. அந்த வருஷம் மெஷின் ஓடியது 5 மாதம், மிச்சம் 1,62,500. வட்டிக்கே 2,500 பற்றவில்லை. அசல் தவணை, மெஷின் நின்ற மாதங்களுக்கு ஆபரேட்டர் சம்பளம் எல்லாம் தனி. ஜாப் ஒர்க்கிலேயே இருந்திருந்தால் இன்டர்லாக் மெஷின் வைத்திருப்பவரிடம் நூலைக் கொடுத்திருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும்.

அதுவும் நீ போடப்போவது மதுரையில். ஊசி உடைந்து துணியில் நெடுக்காகக் கோடு விழுந்தால், இங்கே நாலு தெரு தள்ளி ஊசியும் கிடைக்கும், மெஷினைச் சரிசெய்ய ஃபிட்டரும் வருவார். அங்கே அவருக்காக எத்தனை நாள் காத்திருப்பாய்?

"பிறர் கையை நம்பினால் ஒருநாள் நடுத்தெருவில் நிற்போம்" என்று எழுதியிருக்கிறாய். நியாயமான பயம்தான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது அதைக் கண்ணால் பார்த்தேன். சாயக் கழிவால் நொய்யல் ஆறு ஓடிய நிறத்தைப் பார்த்த எவனும் அந்த உத்தரவைத் தப்பென்று சொல்ல மாட்டான். ஆனால் அன்றைக்கு யார் அதிகம் நொந்தார்கள் என்று யோசி. வெளியே கொடுத்துச் சாயம் போட்டவர்கள் துணியை லூதியானாவுக்கும் அகமதாபாத்துக்கும் அனுப்பி, செலவு கூடினாலும் ஆர்டரை ஓரளவு காப்பாற்றினார்கள். சொந்தப் பட்டறை வைத்திருந்தவர்களுக்குப் பட்டறையும் பூட்டு, கடனும் தலைமேல்.

துணி தாமதமாக வருகிறது என்பது உன் பெரிய குறை. கோபப்படாதே, அதற்குக் காரணம் நீயும்தான். நிட்டிங்காரருக்கு 90 நாள் இழுக்கிறாய். உடனே பணம் தருகிறவரின் நூல்தான் முதலில் மெஷின் ஏறும். சிறு, குறு தொழில்காரருக்கு எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இருந்தால்கூட 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2006 சட்டமே சொல்கிறது. தாண்டினால், பணம் கொடுக்கும் வருஷத்தில்தான் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். உன் ஆடிட்டரையே கேள். 30 நாளில் கொடுத்துப் பார். மூன்றே மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

சொந்தமாகச் செய்தே தீர வேண்டும் என்றால் கட்டிங்கை உள்ளே கொண்டுவா. அதைக் கான்ட்ராக்டரிடம் விட்டிருக்கிறாய் என்று படித்ததும் எனக்குப் பகீரென்றது. சாயம் போட்டு வந்த துணி கிலோ 400 ரூபாய் என்று வை. வெட்டில் 3 சதவீதம் கூடுதலாக வீணானால் கிலோவுக்கு 12 ரூபாய் போச்சு. நிட்டிங்கில் 5 ரூபாய் பிடிக்க 15 லட்சம் போட நினைக்கிறாயே, இந்த 12 ரூபாய்க்கு ஒரு நீள மேஜையும் நல்ல கட்டிங் மாஸ்டரும் போதும். துணி செக்கிங்கும் உன் கண் முன்னால்தான் நடக்க வேண்டும். ஓட்டையோடு வந்த ரோலைத் திருப்பி அனுப்பலாம். வெட்டிய பிறகு யார் வாங்குவார்?

மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. அதற்கு முன் போன வருஷ ஆர்டர் நோட்டை எடுத்துக்கொண்டு இங்கே ஒருநாள் வா. எந்த மாதம் எந்தத் துணி எத்தனை கிலோ ஓடியது என்று இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். ஒரே துணி பத்து மாதம் ஓடியிருந்தால், நானே உன்னோடு மெஷின் பார்க்க வருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்