உலைக்கு 718 கேட்பவர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எங்கள் வணக்கம்.

ஹீட் ட்ரீட்மென்ட் உலைக்கான கூடைகளுக்கும் தொங்கு கம்பிகளுக்கும் வரும் ஆர்டர்களில் ‘இன்கோனல் 718 மட்டுமே வேண்டும்’ என்ற வரியை அண்மைக் காலமாக அடிக்கடி காண்கிறோம். இன்கோனல் என்பது நிக்கலை அடிப்படையாகக் கொண்ட கலப்புலோக வரிசை; 718, 601 என்பவை அதன் கிரேடுகள். டெஸ்ட் சர்டிபிகேட்டைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஏஜிங் செய்த, அதாவது குறித்த சூட்டில் மணிக்கணக்கில் வைத்து வலுவேற்றிய, 718-இன் ஈல்டு வலிமை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) குறைந்தது 1034 மெகாபாஸ்கல். அனீல் செய்த (சூடேற்றி மென்மையாக்கிய) 601 தகட்டிற்கோ 205 போதும். ஆனால் இவ்விரண்டு எண்களும் அறை வெப்பநிலையில் இழுத்துப் பார்த்து எழுதியவை. உங்கள் உலை ஓடுவது 950 டிகிரி செல்சியஸில்.

718-இன் வலிமை அதன் உட்கட்டமைப்பிலிருந்து வருகிறது. நிக்கல், குரோமியம், இரும்பு அணுக்கள் ஒரே படிக அடுக்கில் கலந்து நிற்கும் அடித்தளத்தைக் காமா என்பார்கள். அதற்குள், மூன்று நிக்கல் அணுவுக்கு ஒரு நையோபியம் என்ற ஒழுங்கில், கண்ணுக்குத் தெரியாத வட்டத் தகடுகளாக காமா டபுள் பிரைம் விளைகிறது. இத்தகடுகளின் படிக அடுக்கு காமாவோடு இசைந்தும் ஒரு திசையில் சற்று நீண்டும் இருப்பதால் சுற்றிலும் ஓர் இறுக்கம் உண்டாகிறது. உலோகம் வளைய முயலும்போது அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதை அந்த இறுக்கமே தடுக்கிறது. இதற்காகத்தான் 720 டிகிரியில் 8 மணி நேரம் வைத்து, மெல்ல ஆறவிட்டு, 620 டிகிரியில் மீண்டும் ஏறக்குறைய அதே நேரம் வைக்கிறார்கள்.

இந்தத் தகடுகள் நிலையானவை அல்ல. ஏறத்தாழ 650 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தால் அவை பருத்து, அதே நிக்கலும் நையோபியமும் கொண்ட, ஆனால் வேறு படிக வடிவமுள்ள டெல்டா என்ற அமைப்பாக மாறத் தொடங்கும். படிக மணிகளின் எல்லையில் சிறிதளவு டெல்டா இருப்பது நல்லதுதான், மணிகள் பெரிதாகாமல் அது காக்கும். நீண்ட தகடுகளாகப் பரவிவிட்டால் வலிமையும் போகும், முறிவும் எளிதாகும். 950 டிகிரியில் காமா டபுள் பிரைம் கரைந்தே போய்விடுவதால், நீங்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய அந்த 1034 முதல் சார்ஜிலேயே (உலையில் ஏற்றும் முதல் சுமையிலேயே) தீர்ந்துவிடுகிறது.

எனவே கூடைக்கு 601-ஐயே பரிந்துரைக்கிறோம். அதன் வலிமை பெரும்பாலும் காமாவில் கரைந்து நிற்கும் குரோமியத்தைச் சார்ந்தது. சூட்டில் கரைந்து மறைய அதில் ஏதுமில்லை. குரோமியமும் சிறிதளவு அலுமினியமும் சேர்ந்து மேற்பரப்பில் இறுகப் பற்றும் ஆக்சைடு படலத்தைத் தருவதால், உலை ஏறி இறங்கும்போது செதில் உதிர்வதும் குறையும்.

600 டிகிரிக்குள் ஓயாமல் இறுக்கம் தாங்க வேண்டிய போல்ட்டுக்கு 718-க்கு நிகர் அரிது. அந்த போல்ட்டைக் கழற்ற முடியவில்லையென்று கேஸ் டார்ச்சால் சிவக்கக் காய்ச்சினால், அதை மீண்டும் பூட்ட வேண்டாம். வெளியே நிறம் மட்டுமே மாறியதாகத் தோன்றும். உள்ளே தகடுகள் கலைந்திருக்கும்.

மேக்னசைட் (மக்னீசியக் கனிமம்) சுடும் சூளை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: முழுச் சுடுகைக்கு 1600 டிகிரிக்கு மேல் போகும் பகுதியில் எங்கள் சரக்கு எதுவும் நிற்காது, நிக்கலே 1455 டிகிரியில் உருகிவிடும். கந்தகம் மிகுந்த ஃபர்னஸ் ஆயில் எரிப்பவர்களும் எங்களைக் கேட்டபின் கிரேடைத் தேர்ந்தெடுக்கவும். கந்தகத்தோடு சேர்ந்த நிக்கல் 650 டிகிரிக்குள்ளேயே உருகும் கலவையைத் தரும்.

இனி ஆர்டரில் கிரேடு எண்ணோடு, பாகம் காணும் உச்ச வெப்பநிலை, அதில் தொடர்ந்து நிற்கும் மணி நேரம், எரிபொருள், சுமை ஆகியவற்றையும் எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். இவை கிடைத்த பிறகே விலைப்புள்ளி தருவோம்.

இப்படிக்கு,
நிறுவனத்தார், சேலம்