மலையில் வழிகாட்டிய அன்பருக்கு நன்றி

மலைக்காட்சிகளையும் காட்டுயிர்களையும் காண்பதற்காக எங்கள் குடும்பம் தனியாக ஏற்பாடு செய்துகொண்ட ஒருநாள் பயணத்தில் வழிகாட்டியாக வந்தவருக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் அதைத் தவிர்க்கிறேன்.

விடியும் முன்பே புறப்பட வேண்டும் என்று அவர் சொன்னபோது எங்களில் சிலர் முணுமுணுத்தது உண்மைதான். வெயில் ஏறினால் காட்டாடுகள் நிழல் தேடிப் பாறை இடுக்குகளில் ஒதுங்கிவிடும் என்றும், தரை சூடேறி வெப்பக்காற்று மேலெழத் தொடங்கிய பிறகுதான் பெரிய கழுகுகள் சிறகசைக்காமல் வட்டமிட்டு உயரும் என்றும் விளக்கிய அவர், அன்றைய பொழுதை அதற்கேற்பவே வகுத்திருந்தார். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பதால், கூடுதல் மேலாடைகளையும் முன்னதாகவே எடுத்துவரச் சொல்லியிருந்தார்.

குட்டிகளோடு நின்ற ஆட்டுக்கூட்டம் தலைநிமிர்ந்து எங்களையே பார்க்கத் தொடங்கியதும், "அவை மேய்வதை நிறுத்தினால் நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள்" என்று கூறி எங்களைப் பின்வாங்கச் செய்தார். நல்ல படம் கிடைக்காததில் எனக்குச் சிறு வருத்தமே. ஆயினும், கூடுதல் பணம் தருவதாக எங்கள் உறவினர் ஒருவர் வற்புறுத்தியும் அவர் இசையாததைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

பிறகு தம் தொலைநோக்கியை முக்காலியில் பொருத்தி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என் தாயார் அமர்ந்தபடியே பார்க்கும் உயரத்தில் பொறுமையாகத் தாழ்த்திக் கொடுத்தார். ஐயா, அதற்காகத் தங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.