வாங்குவதற்கு முன்பு ஒரு வார்த்தை

சியாட்டில்,
டிசம்பர் 7

அன்புள்ள நண்பா,

நலம். உன் கடிதமும் அதோடு நீ அனுப்பிய சாமான் பட்டியலும் வந்து சேர்ந்தன. முழங்கால் வலி தணிந்து, மருத்துவரும் மலையேற அனுமதி கொடுத்துவிட்டார் என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிப்ரவரியில் நீ இங்கே வந்து ரெய்னியர் மலைச்சரிவில் இருக்கும் பாரடைஸில் பனியில் கால் புதையாமலிருக்க பூட்ஸின் அடியில் கட்டும் அகலமான ஸ்னோஷூ கட்டிக்கொண்டு நடப்பது, அது உனக்குப் பிடித்துப்போனால் ஜூலையில் வழிகாட்டிகளோடு உச்சிக்கு முயல்வது என்ற திட்டத்தில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் பட்டியலில் உள்ள பதினான்கு சாமான்களையும் இந்த வாரத் தள்ளுபடி முடிவதற்குள் வாங்கிவிடப் போவதாகவும், 'சரிப்படாததை அப்புறம் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம்' என்றும் எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நாம் வளர்ந்த ஊரில் ரசீதின் அடியில், விற்ற சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். முகம் தெரிந்த ஜவுளிக்கடையில் அம்மா புடவையை மாற்றப் போனால், கடைக்காரர் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் புடவையின் மடிப்பைப் பார்ப்பார்; மடிப்புக் கலையாமல் இருந்தால் வேறு புடவை கிடைக்கும், கலைந்திருந்தால் காபிகூடக் கிடைக்காது. அந்தக் கண்டிப்பில் வளர்ந்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்தபோது, திருப்பிக் கொடுப்பதற்கென்றே தனி மேடையும் தனி வரிசையும் கடைகளில் இருப்பதைக் கண்டு நாம் இருவரும் வாயைப் பிளந்தது உனக்கு நினைவிருக்கும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், மலைச் சாமான் விஷயத்தில் அந்த ஜவுளிக்கடைக்காரரின் அளவுகோல்தான் சரி. வீட்டுக்குள் போட்டுப் பார்த்து மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுப்பது ஒன்று. மலைக்குக் கொண்டுபோய் உழைக்க வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது முற்றிலும் வேறு.

உன் பட்டியலில் முதல் இடம் பூட்ஸுக்குத்தான், எனக்கும் அதைப் பற்றித்தான் மிகுதியாகச் சொல்ல இருக்கிறது. வாடகைக்கு எடுக்காமல் விலை கொடுத்து வாங்க வேண்டியது என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பார்களா? அதனால் தள்ளுபடியைப் பார்த்து வாங்காதே. கடைக்குப் போய், நாள் முழுவதும் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், மலையில் போடப்போகும் அதே தடித்த கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டு பார். மலைச் சாமான் கடைகள் பலவற்றில் இதற்காகவே ஒரு சிறிய சாய்தளம் வைத்திருப்பார்கள். அதில் ஏறும்போது குதிகால் பூட்ஸுக்குள் மேலே எழும்பக் கூடாது. இறங்கும்போது விரல் நுனி முன்பக்கம் முட்டக் கூடாது. இரண்டில் எது பிசகினாலும், விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அடுத்த ஜோடிக்குப் போய்விடு. என் முதல் பூட்ஸில் இறக்கத்தில் விரல் முட்டுவது லேசாகத் தெரிந்தும், போகப்போகச் சரியாகிவிடும் என்று நம்பி வாங்கினேன். நான்கு மணி நேர இறக்கத்துக்குப் பிறகு இரண்டு கட்டைவிரல் நகங்களும் நாவற்பழ நிறத்துக்கு வந்தன. விழுந்து முளைக்க ஒரு வருடம் ஆயிற்று.

வாங்கி வந்த பிறகும் அவசரப்படாதே. அட்டைகளைக் கிழிக்காமல், பெட்டியைத் தூக்கிப் போடாமல், ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நட. இருபத்தைந்து பவுண்டு பையை முதுகில் மாட்டிக்கொண்டு மாடிப்படியை ஏறி இறங்கு. நான் இதைச் செய்தபோது, நள்ளிரவில் கூடத்தில் யார் நெல் குத்துகிறார்கள் என்று என் மனைவி மேலேயிருந்து கேட்டாள். கேட்டால் கேட்கட்டும். தரைவிரிப்பை மட்டுமே மிதித்த பூட்ஸைத் திருப்பிக் கொடுப்பதில் எந்த வெட்கமும் இல்லை, கடைக்காரரும் அதை மறுநாளே அலமாரியில் வைத்துப் புதிதாக விற்க முடியும். மண் ஒட்டிய மறுகணம் அது பழைய செருப்பு.

அடுத்தது நீ குறித்திருக்கும் கிராம்பான். பூட்ஸின் அடியில் மாட்டும் இந்த இரும்புப் பற்களில் நான் பட்ட பாட்டைக் கேள். முன்னாலும் பின்னாலும் கம்பியால் கவ்விக்கொள்ளும் வகையை ஒரு கடையில் எனக்கு விற்றார்கள். எந்த பூட்ஸுக்கும் பொருந்தும் என்று விற்பவர் சத்தியம் செய்யாத குறை. அந்த வகைக்கு அடிப்பாகம் வளையாத பூட்ஸும், அதன் முனையிலும் குதிகாலிலும் கம்பி உட்கார ஒரு விளிம்பும் வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்னுடையதோ சாதாரண மலைநடை பூட்ஸ். பயிற்சிச் சரிவில் ஏறிய பத்தாவது நிமிடம் இடது காலில் முன்கம்பி கழன்று, கிராம்பான் கணுக்காலில் தொங்கியது. கீழே சமதளமாக இருந்ததால் அன்று சிரித்துவிட்டு வந்தோம். திருப்பிக் கொடுக்கப் போனபோது, கடையில் இருந்தவர் பற்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பாறையில் உரசிய கோடுகளைச் சுட்டிக்காட்டி, இது பயன்படுத்திய பொருள், எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். பெருங்கோபத்தோடு வீடு வந்தேன். தவறாகச் சொல்லி விற்றவர் மேல் அந்தக் கோபத்தில் பாதி இன்றும் மிச்சம் இருக்கிறது. அந்தக் கோடுகளைப் பார்த்து மறுத்தவர் மேல் துளியும் இல்லை. ஆகவே பூட்ஸைக் கையோடு கடைக்கு எடுத்துப் போ. கிராம்பானை மாட்டி, வாரைக் கட்டாமலேயே பூட்ஸைத் தூக்கி உதறிப் பார். கீழே விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் அது அந்த பூட்ஸுக்கு உரியது. அலுமினியத்தில் செய்தது எடை குறைவு என்று குறித்திருக்கிறாய். பனிக்கு மட்டும் அது போதும். ரெய்னியரில் இடையிடையே பாறையில் ஏற வேண்டியிருப்பதால் எஃகுதான் தாங்கும். அதையும் ஜூலைக்கு வாடகையாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

கயிறு, இடுப்பில் கட்டும் ஹார்னஸ், தலைக்கவசம் ஆகியவற்றைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற எண்ணத்தோடு வாங்கவே வாங்காதே. கயிறு கடையை விட்டு வெளியே போய்விட்டால் அது எங்கே கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. கார் டிக்கியில் பேட்டரி அமிலத்தின் ஆவி பட்டிருந்தால்கூட நைலான் உள்ளுக்குள் வலுவிழந்துவிடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நீ ஒரு வார இறுதி பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் கயிற்றை மனசாட்சி உள்ள கடைக்காரர் வேறொருவர் உயிருக்கு நம்பிக் கொடுக்க மாட்டார். வெட்டிக் குப்பையில்தான் போடுவார்.

இந்த ஊர்க் கடைகள் இப்படித் தாராளமாகத் திரும்ப வாங்கத் தொடங்கிய கதை உனக்குப் பிடிக்கும். மெய்ன் மாநிலத்தில் பீன் என்பவர் 1912இல் ரப்பர் அடியும் தோல் மேலுமாக வேட்டைக்காரர்களுக்கு பூட்ஸ் செய்து விற்றார். முதலில் விற்ற 100 ஜோடியில் 90 தையல் விட்டுத் திரும்பி வந்ததாகவும், அத்தனைக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கிச் செருப்பைச் சீர்செய்ததாகவும் அந்த நிறுவனமே சொல்லிவருகிறது. எங்கள் சியாட்டிலில் 1938இல் லாயிட் ஆண்டர்சனும் அவர் மனைவி மேரியும் தொடங்கிய கூட்டுறவுக் கடைதான் இன்றைய ஆர்.இ.ஐ. ஆஸ்திரியாவிலிருந்து நல்ல பனிக்கோடாரி ஒன்றை அஞ்சல் செலவோடு சேர்த்து மூன்றரை டாலருக்கு வரவழைத்தவர், மலையேறும் நண்பர்களுக்கும் வரவழைத்துக் கொடுக்கப் போக, அதுவே கடையாயிற்று. இரண்டு இடத்திலும் பல காலம் காலவரம்பே இல்லாமல் திரும்ப வாங்கினார்கள். ஆர்.இ.ஐ. என்பதில் உள்ள ஆருக்கு 'ரென்டல்' என்று விரிவு சொல்லி இங்குள்ளவர்கள் கேலி செய்வது வழக்கம். பத்து வருடம் உழைத்துத் தேய்ந்ததைக் கூச்சமில்லாமல் கொண்டுவந்து கொடுத்தவர்களின் புண்ணியத்தில், 2013இல் ஆர்.இ.ஐ. உறுப்பினர்களுக்கு ஒரு வருடம் என்று வரம்பு வைத்தது. 2018இல் பீன் நிறுவனமும் அதே ஒரு வருடத்துக்கு வந்தது. கூட்டுறவுக் கடையில் இந்த நட்டத்தைச் சுமப்பவர் முகம் தெரியாத முதலாளி அல்லர், வரிசையில் உனக்குப் பின்னால் நிற்கும் உறுப்பினர்.

ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தன் கதையையும் சொல்ல வேண்டும் அல்லவா? ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் 280 டாலருக்கு ஸ்னோஷூ ஒரு ஜோடி வாங்கினேன். 25 அங்குலம், பக்கவாட்டில் எஃகுப் பல், ஏற்றத்தில் குதிகாலைத் தாங்க ஒரு மடக்குக் கம்பி. அந்தக் குளிர்காலம் முழுவதும் ஏழெட்டு முறை நடந்தோம், ஒரு குறையும் இல்லை. கோடையில் செலவு நெருக்கியது. ரசீதைப் பார்த்தால் கெடு முடிய மூன்று வாரம் இருந்தது. கழுவித் துடைத்து எடுத்துப் போனேன். என்ன குறை என்று கேட்ட பெண்ணிடம், எடை அதிகம், இடது வார் கடினமாக இருக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசாமல் அதை அப்படியே ஓர் அட்டையில் எழுதி, முழுப் பணத்தையும் கொடுத்தாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நவம்பரில் அதே கடையில், திரும்பி வந்த சாமான்களை மலிவாக விற்கும் நாளில், கையுறை தேடிப் போனேன். ஒரு மூலையில் சாய்த்து வைத்திருந்த ஸ்னோஷூவின் வலது பல்லுக்கு மேலே, பாறையில் இடித்து நான் வாங்கிய வடு. வாரில் நூல் கட்டித் தொங்கிய அட்டையில் அவள் கையெழுத்தில் என் பொய். கல்லூரி மாணவன் போலிருந்த ஒரு பையன் அதைக் கையில் எடுத்து, அட்டையைப் படித்து, இடது வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, நம்பிக்கை இல்லாமல் திரும்ப வைத்துவிட்டுப் போனான். பழுதே இல்லாத பொருள் அது. அந்தப் பையனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 90 டாலர் கொடுத்து நானே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகையால் பிப்ரவரிக்கு ஸ்னோஷூ வாங்காதே. உன் மின்னசோட்டாவின் உறைந்த ஏரி மேல் நடப்பதற்குச் செய்த வகை இங்கே உதவாது. காஸ்கேட் மலைப் பனி ஈரமும் கனமுமாக விழும், சரிவுகளும் செங்குத்து, அதனால் மிதப்பைவிடப் பிடிப்புத்தான் முக்கியம். அளவைப் பார்க்கும்போது உடல் எடையோடு பையின் எடையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்; நீ இன்னும் 170 பவுண்டிலேயே இருந்தால் பையோடு 200க்குள் அடங்குவாய், 25 அங்குலம் போதும். பாரடைஸ் 5,400 அடி உயரத்தில் இருக்கிறது. 1971–72 பருவத்தில் அங்கே 1,122 அங்குலம் பனி விழுந்தது என்றால் அந்த இடத்தைப் பற்றி நான் வேறு என்ன சொல்ல? நவம்பர் முதல் நாளிலிருந்து மே முதல் நாள் வரை ரெய்னியர் தேசியப் பூங்காவுக்குள் போகும் ஒவ்வொரு காரிலும் டயர் சங்கிலி இருந்தாக வேண்டும். நீ வாடகைக் கார் எடுக்காதே, என் காரிலேயே போவோம். சங்கிலி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பையைத் திறக்காமலே குளிர்காலம் கழிந்துவிட்டால், இங்குள்ள சில டயர் கடைகளே சங்கிலியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தந்துவிடுகின்றன. மடிப்புக் கலையாத புடவை என்பது அதுதான்.

போகும் நாளின் காலையில் வடமேற்குப் பனிச்சரிவு மையத்தின் முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் எந்தப் பாதை என்று முடிவு செய்வோம். பூட்ஸும் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையும் மட்டும் நீ வாங்கிக்கொண்டு வா. மழைச் சட்டையும் கைத்தடியும் என்னிடம் கூடுதலாக இருக்கின்றன. ஜூலைக்கான மற்றவற்றை மலையடிவாரத்து ஆஷ்ஃபோர்டில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

உனக்கு நான் கட்டிவிடப் போவது அந்த 90 டாலர் ஜோடியைத்தான். அட்டையை இன்னும் கழற்றவில்லை. இடது வார் கடினமாக இருப்பதாக அதில் எழுதியிருக்கும், நீ நம்பாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்